அனுப்பாத அஞ்சலட்டை

அன்புள்ள ஐயா,
ஹெர்ஷெல் கிரின்ஸ்பான் என்ற யூத இளைஞர் 1938-ல் பாரிஸில் ஜெர்மன் தூதரக அதிகாரியைச் சுட்டதை எதிர்ப்பு என்பதா, கொலை என்பதா? அவர் அவசரப்படாமல் இருந்திருந்தால், ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களைத் தாக்கிய ‘உடைந்த கண்ணாடி இரவு’ நடந்திருக்காதே?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

போன வாரம் டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது அக்காவின் பழைய அஞ்சலட்டை கிடைத்தது. அதிலிருந்து அந்தப் பையன் நினைப்புதான். உங்கள் கடிதமும் வந்தது.

முதல் கேள்விக்குப் பெரிய விவாதம் தேவையில்லை. ஒரு மனிதர் செத்தார், கொலைதான். எதிர்ப்பும்தான்.

இரண்டாவது கேள்விதான் எனக்குக் கோபமூட்டுகிறது. ‘அவன் சுட்டதால் நடந்தது’ என்பது ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் சொன்னது. நீங்களும் அதையே சொல்லலாமா? 1936 பிப்ரவரியில் டேவிட் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற யூத மாணவர் சுவிட்சர்லாந்தில் நாஜித் தலைவர் குஸ்ட்லாஃபைச் சுட்டுக் கொன்றார். அப்போது ஏன் ஜெர்மனி பற்றி எரியவில்லை? இரண்டே நாளில் அங்கே குளிர்கால ஒலிம்பிக். ஊர் உலகமே பார்க்கும் என்று அடக்கி வாசித்தார்கள். 1938-லும் பாரிஸில் துப்பாக்கி வெடிப்பதற்கு ஐந்து மாதம் முன்பே மியூனிக்கின் பெரிய யூத ஆலயத்தை இடித்தாகிவிட்டது. காரணம் வேறு, சாக்கு வேறு தம்பி. சாக்கு கிடைத்ததும் ஆலயங்களைக் கொளுத்தினார்கள், சுமார் 30,000 ஆண்களை முகாம்களுக்கு இழுத்துப் போனார்கள், அப்புறம் யூதர்கள் மீதே 100 கோடி மார்க் அபராதமும் போட்டார்கள். இத்தனையையும் பதினேழு வயதுப் பையன் தலையில் கட்டாதீர்கள்.

சரி, அஞ்சலட்டைக்கு வருகிறேன். அக்டோபர் கடைசியில் போலந்துக் குடியுரிமை கொண்ட யூதர்களை ஆயிரக்கணக்கில் பிடித்து எல்லையில் தள்ளியது ஜெர்மனி. ஹனோவரில் தையல்காரரான ஹெர்ஷெலின் அப்பாவும் குடும்பமும் அதில் அடக்கம். பத்து மார்க்குக்கு மேல் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவனோ பிரான்ஸை விட்டு வெளியேறும்படி உத்தரவு வாங்கி பாரிஸில் ஒளிந்திருந்தான். அக்கா பெர்த்தாவின் அட்டை நவம்பர் 3-ல் வந்தது: ஒரு பெட்டித் துணிதான் மிஞ்சியது, கையில் காலணா இல்லை, ஏதாவது அனுப்ப முடியுமா?

என் பதினேழு வயதில் என் அக்காவும் அப்படி எழுதினாள். ‘இங்கு யாவரும் நலம்’ என்று தொடங்கி, விலாசத்துக்குப் பக்கத்து இடுக்கில் பொடி எழுத்தில் ‘ஐம்பது ரூபாய் கிடைக்குமா’ என்று. என்னிடம் இல்லை. ஒரு வாரம் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். இத்தனைக்கும் அவள் சொந்த வீட்டில், கதவு சாத்திக்கொண்டு தூங்கினாள்.

தூதரகத்துக்குப் போகுமுன் ஹெர்ஷெலும் அப்பா அம்மாவுக்கு ஓர் அட்டை எழுதினான். மன்னிப்புக் கேட்டிருந்தான், தன் எதிர்ப்பு உலகம் முழுக்கக் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருந்தான். தபாலில் போடவில்லை. பிடிபட்டபோது அவனிடமே இருந்தது.