மகளை மெடிக்கல் கோடிங் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்ட அப்பாவுக்கு

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் படிக்காத பெண்ணுக்குக் கோடிங் எப்படி வரும் என்று கேட்டிருந்தீர்கள். மெடிக்கல் கோடிங்குக்கும் புரோகிராம் எழுதுவதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டாக்டர் எழுதி வைத்த குறிப்பைப் படித்து, நோயாளிக்கு என்ன நோய், என்ன சிகிச்சை நடந்தது என்பதைக் குறியீடுகளாக மாற்றுகிற வேலை அது. அந்தக் குறியீடுகளைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். கோர்ஸ் விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் அமெரிக்க முறைதான். நோயாளி, டாக்டர், இன்சூரன்ஸ் எல்லாம் அங்கே, கோடர் மட்டும் உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். அதனால் உங்கள் பெண் படிக்கப்போவதும் அமெரிக்க விதிகளைத்தான்.

என்னைக் கேட்டால் இது அடிப்படையில் வாசிக்கிற வேலை. மனப்பாடம் வேண்டாம், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசக்கூட வேண்டாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதாததைத் தொடாமல் விடுகிற குணம் வேண்டும். அது இருக்கிறவர்களுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். இல்லாதவர்கள் கோர்ஸை முடித்துவிட்டு, வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதத்தில் தலைவலி என்று வந்து உட்காருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்வோம் (நோயாளியின் மருத்துவக் குறிப்பைக் கோடர்கள் அப்படித்தான் சொல்வார்கள்). ஒரு அம்மா கால் தடுக்கிக் கீழே விழுந்து கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டுப் பக்கம் எலும்பு முறிந்து எமர்ஜென்சிக்கு வருகிறார். டாக்டர் காலிஸ் ஃபிராக்சர், வலது, தோல் கிழியவில்லை என்று எழுதியிருக்கிறார். நோய்களுக்கான குறியீடுகள் இருக்கும் ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் இதற்கு எஸ்52.531ஏ. முதல் மூன்று இடமும் முன்கை எலும்பு முறிவு, அடுத்து வரும் 53 காலிஸ் வகை, அதற்கடுத்த 1 வலது கை, இடது என்றால் 2. கடைசியில் நிற்கும் ஏ, மூடிய முறிவு, அதற்கு இப்போதுதான் சிகிச்சை நடக்கிறது என்பதற்கு. அதே அம்மா சில வாரம் கழித்து வந்து எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்றால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஏ போய் டி வந்துவிடும். தடுக்கி விழுந்ததற்கும் தனிக் கோட் உண்டு, டபிள்யூ01.0எக்ஸ்எக்ஸ்ஏ. நடுவில் இருக்கும் இரண்டு எக்ஸும் சும்மா இடத்தை நிரப்ப வந்தவை, ஆனால் அவற்றை விட்டுவிட்டால் கோட் செல்லாது. எந்தக் கை என்று சார்ட்டில் எங்குமே இல்லையா? வலதாகத்தான் இருக்கும் என்று கோடர் முடிவு செய்யக் கூடாது, டாக்டரிடம் முறைப்படி கேட்க வேண்டும். அதற்குப் பெயர் க்வெரி.

இன்னொன்று சொல்கிறேன், இதில்தான் புதிதாக வருகிறவர்கள் சறுக்குவார்கள். நெஞ்சு வலி என்று ஒருவர் கிளினிக்குக்கு வருகிறார். டாக்டர், மாரடைப்பாக இருக்கலாம் என்று சந்தேகித்து எழுதிவிட்டுச் சோதனைக்கு அனுப்புகிறார். வெளிநோயாளி என்றால் அந்த ‘இருக்கலாம்’ என்பதைக் கோட் செய்யக் கூடாது, நெஞ்சு வலிக்கு ஆர்07.9 போட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் டிஸ்சார்ஜ் ஆகும்போதும் டாக்டர் அதே சந்தேகத்தோடு எழுதியிருந்தால், மருத்துவமனைக் கணக்கில் அந்த நோய் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கோட் செய்ய வேண்டும். ஒரே வார்த்தை, நோயாளி இருந்த இடத்தைப் பொறுத்து இரண்டு விடை. ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றுகிற பிள்ளை இந்த வேலையில் நிற்கும். போடச் சொன்னதைப் போட்டால் போதாதா என்கிற பிள்ளைக்குக் கஷ்டம்தான்.

இதுவரை சொன்னது நோய்க்கான கோட். டாக்டர் செய்த வேலைக்கு சிபிடி என்று வேறு புத்தகம் இருக்கிறது, அமெரிக்க மருத்துவர் சங்கம் 1966 முதல் வெளியிட்டு வருவது, பெரும்பாலும் ஐந்து இலக்கம். பித்தப்பையை லேப்ராஸ்கோப்பில் எடுத்தால் 47562, வயிற்றைத் திறந்து எடுத்தால் 47600. லேப்ராஸ்கோப்பில் ஆரம்பித்து, முடியாமல் வயிற்றைத் திறந்துவிட்டார்கள் என்றால் இரண்டையும் போடக் கூடாது, திறந்து செய்ததை மட்டும்தான் போட வேண்டும். ஆபரேஷன் குறிப்பின் தலைப்பை மட்டும் பார்த்துக் கோட் போடுகிறவர் இங்கே மாட்டிக்கொள்வார், கதை மாறியது மூன்றாவது பத்தியில்தான் இருக்கும். மருந்து, உபகரணங்களுக்கு ஹிக்பிக்ஸ் என்று மூன்றாவது புத்தகம் உண்டு, அது பழகப் பழக வந்துவிடும்.

சரி, பில்லிங்? கோடிங்கும் பில்லிங்கும் ஒரே கோர்ஸில் வந்தாலும் இரண்டும் வேறு வேறு வேலை. கோடர் போட்ட குறியீடுகளை க்ளெய்மாக்கி இன்சூரன்ஸுக்கு அனுப்புவது, வந்த பணத்தை வரவு வைப்பது, வராத பணத்தைத் துரத்துவது எல்லாம் பில்லிங். டாக்டர் தரப்புக் கட்டணத்துக்கு சிஎம்எஸ்-1500 படிவம், மருத்துவமனைக்கு யூபி-04. பணம் வராமல் திரும்பினால் அதற்கு டினயல் என்று பெயர், கூடவே காரணக் குறியீடு வரும். சிஓ-29 என்றால் கெடு தாண்டிவிட்டது என்று அர்த்தம், மெடிகேருக்கு (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம்தான். சிஓ-97 என்றால் இந்த வேலைக்கான பணம் வேறொரு கோடிலேயே அடங்கிவிட்டது என்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர்களுக்கு ஃபோன் போட்டு என் க்ளெய்ம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பது ஏஆர் காலிங். வெளிநாட்டிலிருந்து செய்தால் அமெரிக்க நேரத்துக்கு விழித்திருக்க வேண்டும். வாயாடியான, சட்டென்று சோர்ந்துபோகாத பிள்ளைகள் அதில் பிரமாதமாக வருகிறார்கள். அதைக் கோடிங்குக்குக் கீழே என்று நினைக்காதீர்கள், பணம் ஏன் வரவில்லை என்று தெரிந்தவருக்கு எங்கே போனாலும் மரியாதை உண்டு. உங்கள் பெண் எந்தப் பக்கம் என்று அவளிடமே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

உயிரியல் படித்திருக்க வேண்டுமா என்றால், படித்திருந்தால் நல்லது, இல்லையென்றால் உடற்கூறுக்கும் மருத்துவச் சொற்களுக்கும் கூடுதலாகச் சில மாதம் உட்கார வேண்டும். ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுத்தது, இப்படிப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

சான்றிதழில் அதிகம் கேட்கப்படுவது ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடர்கள் அமைப்பின் சிபிசி, அதற்குத் தேர்வு உண்டு. நூறு கேள்வி, நாலு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். கோட் புத்தகங்களைப் பார்த்து எழுதலாம் என்றதும் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிஷம்கூடக் கிடையாது. நான் அனுப்பிய ஒரு பெண் முதல் தடவை தோற்றது அறிவு இல்லாமல் இல்லை, புத்தகத்தைப் புரட்டத் தெரியாமல். அடுத்த முறைக்கு முன்னால் அவள் செய்ததெல்லாம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தினமும் இருபது கோட் தேடியதுதான், பாஸ் செய்துவிட்டாள். பாஸ் செய்தாலும் அனுபவம் இல்லையென்றால் பெயருக்குப் பின்னால் சிபிசி-ஏ என்றுதான் வரும், அந்த ‘ஏ’ அப்ரெண்டிஸ் என்பதற்கு, வேலை அனுபவத்தைக் காட்டினால் எடுப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு 36 தொடர்கல்விப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும். அஹிமா என்ற இன்னொரு அமெரிக்க அமைப்பின் சிசிஏ, சிசிஎஸ் என்ற சான்றிதழ்களும் உண்டு, இதில் சிசிஎஸ் அனுபவம் வந்தபிறகு எழுத வேண்டியது, ஆரம்பத்திலேயே அதற்குப் பணம் கட்டச் சொல்கிற இடத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

எந்த இன்ஸ்டிட்யூட் என்று கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை, எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். எந்த வருஷப் புத்தகம் வைத்துப் பாடம் நடத்துகிறீர்கள்? ஐசிடி ஒவ்வொரு அக்டோபர் 1-ம் தேதியும் சிபிடி ஜனவரி 1-ம் தேதியும் மாறும். 2021-ல் கிளினிக் விசிட்டுக்கான கோட் போடும் முறையே மாறிவிட்டது. அதற்கு முன் டாக்டர் நோயாளியிடம் எவ்வளவு கேட்டார், எவ்வளவு பரிசோதித்தார் என்று எண்ணிக் கோட் போடுவார்கள், இப்போது டாக்டர் முடிவெடுப்பதில் இருந்த சிக்கல் அல்லது அவர் செலவிட்ட நேரம், இந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். 99201 என்ற கோடையே எடுத்துவிட்டார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இதற்கெல்லாம் பிறகும், எண்ணிக் கோட் போடுகிற அந்தப் பழைய 1997 விதிமுறையை வைத்துப் பாடம் படித்துவிட்டு இன்டர்வியூவில் 99201 என்று சொல்லியிருக்கிறான். பணம் வாங்கிய இடத்தில் போய்க் கேட்டால், அடிப்படை எல்லாம் ஒன்றுதானே தம்பி என்றார்களாம்!

அடுத்தது, எத்தனை சார்ட் கோட் செய்ய வைப்பார்கள் என்று கேளுங்கள். ஸ்லைடு போட்டு நடத்தினால் கோடிங் வராது, பெயரும் அடையாளமும் நீக்கிய சார்ட்டுகளைக் கையில் கொடுத்து, தப்பாகப் போட்டதை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் தப்பு என்று காட்ட வேண்டும். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று பலகை வைத்திருந்தால், அதையே எழுத்தில் கொடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

ஏஐ வந்து இந்த வேலையை எடுத்துவிடாதா என்பதும் உங்கள் பயம். ஒரு எக்ஸ்ரே ரிப்போர்ட் மாதிரி சின்ன, ஒரே அச்சில் வரும் சார்ட்டுகளை மென்பொருள் ஏற்கெனவே கோட் செய்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்தோ அலட்சியமாகவோ தப்பாகக் கோட் போட்டு அரசுப் பணத்தைக் கூடுதலாக வாங்கினால் அமெரிக்காவில் ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் சட்டம் பாயும், 1863-ல் வந்த சட்டம் அது. அதனால் மென்பொருள் போட்டதைச் சரிபார்க்க, ஏன் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது. வெறுமனே வேகமாக டைப் செய்கிறவருக்கு இனி இடம் குறையும் என்றுதான் நினைக்கிறேன், ஆடிட் பக்கம் போகிறவருக்கு அப்படி இல்லை.

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஐசிடி-10-சிஎம்முக்கான அதிகாரபூர்வ வழிகாட்டி விதிகள் மெடிகேரை நடத்தும் அமெரிக்க அரசு அமைப்பான சிஎம்எஸ்ஸின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், இந்த வருஷத்துடையதை இறக்கிக்கொண்டு அதில் நான்காம் பகுதியை மட்டும் அவளைப் படிக்கச் சொல்லுங்கள், வெளிநோயாளிகளுக்கான விதிகள் அதில்தான் இருக்கின்றன, சில பக்கம்தான். முழுக்கப் புரிய வேண்டும் என்பதில்லை. படித்துவிட்டு ஓரத்தில் நாலு கேள்வி குறித்து வைத்தாள் என்றால் அந்தத் தாளோடு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எந்த கோர்ஸ் என்று உட்கார்ந்து பேசலாம். இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டால் திட்டாதீர்கள், அப்போதும் வாருங்கள், ஏஆர் பக்கம் பார்க்கலாம்.