டியூப்லெஸ் சக்கரம்: காற்று எங்கே போகிறது, எவ்வளவு வைப்பது?

கேள்வி: என் மவுண்டன் பைக்கின் 29 அங்குலச் சக்கரங்களை டியூப்லெஸ்ஸாக (உள்ளே டியூப் இல்லாமல் ஓடுவதாக) மாற்றினேன். ரிம், டயர் இரண்டும் 'டியூப்லெஸ் ரெடி' வகைதான். முன்சக்கரம் நன்றாக நிற்கிறது. பின்சக்கரம் மட்டும் காலையில் பார்த்தால் தட்டையாகக் கிடக்கிறது. இரண்டு முறை சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்றிவிட்டேன். டயரில் ஓட்டையே தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: மூன்றாவது முறை சீலன்ட் ஊற்ற வேண்டாம். டயரில் ஓட்டை இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரிம் டேப்பைத்தான், அதாவது ரிம்மின் உட்புறத்தில் ஸ்போக் துளைகளை மூடும் நாடாவைத்தான். டியூப்லெஸ் வேலையில் பாதி இந்த டேப்தான். அவசரமாக ஒட்டிய டேப்பை எந்தச் சீலன்ட்டும் காப்பாற்றாது.

சக்கரத்தில் காற்றடித்து, சோப்புத் தண்ணீரை டயர் விளிம்பிலும் வால்வு நட்டைச் சுற்றியும் ஒவ்வொரு ஸ்போக் நிப்பிளிலும் (ஸ்போக்கை ரிம்மோடு பிணைக்கும் சிறு நட்டு) தடவுங்கள். டயர் விளிம்பில் மட்டும் நுரை வந்தால் கவலையில்லை. சக்கரத்தைக் குலுக்கி, ஒரு வாளியின் மேல் படுக்கவைத்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடுங்கள், சீலன்ட் அடைத்துவிடும். நிப்பிளில் குமிழி வந்தால் காற்று டேப்பைத் தாண்டி ரிம்மின் உட்கூட்டுக்குள் போயிருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குமிழி வரும் நிப்பிளுக்கு நேர் மேலேதான் டேப் கிழிந்திருக்கும் என்று நினைத்து அந்த இடத்தில் ஒட்டுப்போடுவார்கள். உள்ளே புகுந்த காற்று உட்கூடு முழுவதும் சுற்றி, எந்த நிப்பிள் தளர்வாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியேறும். வால்வு நட்டின் அடியில் குமிழி வந்தாலும் இதே சந்தேகம் உண்டு. ஆகவே ஒட்டுப்போடாமல் முழு டேப்பையும் மாற்றுங்கள்.

புது டேப்பின் அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மிமீ கூடுதலாக இருக்கட்டும். 30 மிமீ ரிம்முக்கு 25 மிமீ டேப் ஒட்டினால் ஓரத்து ஸ்போக் துளைகளில் பிடிமானம் கிடைக்காது. ரொம்ப அகலமானால் டேப் ரிம் சுவரில் ஏறி நிற்கும், டயர் மாட்டும்போது விளிம்பு அதைச் சுருட்டி இழுத்துவிடும்.

பழைய டேப்பின் பசை, காய்ந்த சீலன்ட் எல்லாவற்றையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ரிம்மில் விரல் படக் கூடாது. வால்வுத் துளைக்கு 10 செமீ முன்பாகத் தொடங்கி, டேப்பை விறைப்பாக இழுத்தபடியே ஒட்டிக்கொண்டு வந்து, துளையைத் தாண்டி இன்னும் 10 செமீ போய் வெட்டுங்கள். நடுப்பள்ளத்தில் டேப் அந்தரத்தில் நிற்காமல் படிய வேண்டும். துணி சுற்றிய கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரங்களுக்கு அழுத்தித் தேயுங்கள். அடுத்து, டேப்பில் வால்வுத் துளை போட்டு (முறை கீழே), சாதாரண டியூப் போட்டு டயரை மாட்டி 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்து ஓர் இரவு வையுங்கள். டேப் ரிம்மோடு ஒட்டிப்போகும். அலுப்பாகத் தோன்றும் இந்த ஓர் இரவைத் தவிர்க்காதீர்கள்.

வால்வுத் துளையைக் கத்தியால் கீறக் கூடாது. கீறலின் நுனியிலிருந்து டேப் மேலும் கிழியும். ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் ஓரம் உருகி வட்டமாக நிற்கும். வால்வு நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கினால், காட்டுப் பாதையில் டியூப் போட நேரும் நாளில் கழற்ற முடியாது.

கேள்வி: சாதாரணப் பம்பால் அடித்தால் டயர் உப்பவே மாட்டேன் என்கிறது. கம்பிரஸர் கட்டாயமா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு பகுதியை) கழற்றிவிட்டு அடித்தால் காற்று பல மடங்கு வேகமாக உள்ளே பாயும். விளிம்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் உள்ளே டியூப் போட்டுக் காற்றடித்து இரண்டு விளிம்பையும் ரிம் ஓரத்தில் ஏற்றிப் படியவையுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் இறக்கி, டியூப்பை எடுத்து, டியூப்லெஸ் வால்வைப் பொருத்துங்கள். இனி ஒரே ஒரு விளிம்பு ஏறினால் போதும்.

விளிம்பு ஏறும்போது 'டப்' என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். சத்தத்தை மட்டும் நம்பாமல், டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ரிம்மிலும் டயரிலும் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. டயர் ரிம்மைவிட்டுத் தெறித்தால் காயம் படும்.

ஏறிய பிறகு காற்றை இறக்கி, வால்வு வழியாகச் சீலன்ட்டை விடுங்கள். 29 × 2.4 டயருக்கு 100 முதல் 120 மிலி. கோரை மாட்டி மறுபடி காற்றடித்து, உடனே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் எடை 70 கிலோ, டயர் அகலம் 2.35 அங்குலம். எத்தனை பிஎஸ்ஐ?

பதில்: தொடக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. எடையைப் பவுண்டாக்கி 7-ஆல் வகுங்கள். 70 கிலோ என்றால் 154 பவுண்டு, வகுத்தால் 22. முன்சக்கரத்துக்கு அதில் 1 குறைத்து 21, பின்சக்கரத்தில் பாரம் கூடுதல் என்பதால் 2 கூட்டி 24. முதுகுப்பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து எடை போடுங்கள்.

இனி டயர் சொல்வதைக் கேளுங்கள். பழகிய ஒரே தடத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் 1 பிஎஸ்ஐ மட்டும் மாற்றி ஓட்டுங்கள். வேர்களிலும் கற்களிலும் சக்கரம் துள்ளி வழுக்கினால் காற்று அதிகம். திருப்பத்தில் டயர் நெளிந்து பின்பக்கம் அலைவதுபோல் இருந்தாலோ, ரிம் கல்லில் 'டங்' என்று இடித்தாலோ, விளிம்பு விலகி 'புஸ்' என்று காற்று கக்கினாலோ குறைவு. அந்த எல்லை தெரிந்ததும் அதற்கு மேல் 2 பிஎஸ்ஐ வைத்துக்கொள்ளுங்கள். கூரான பாறைகள் நிறைந்த பாதைக்குப் பின்சக்கரத்தில் இன்னும் ஒன்றிரண்டு கூட்டலாம்.

160 பிஎஸ்ஐ வரை காட்டும் பம்பு முள்ளில் 21-க்கும் 24-க்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கான தனி அளவுமானி வாங்குங்கள். அது ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் அதையே பயன்படுத்தினால் போதும். வெப்பமும் கணக்கில் உண்டு. 22 பிஎஸ்ஐ வைத்த டயரில் 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் ஏறத்தாழ 1.2 பிஎஸ்ஐ ஏறும்.

கேள்வி: பழைய 26 அங்குல ரிம், சாதாரண டயர். டேப் ஒட்டி டியூப்லெஸ் ஆக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ரிம்மில் டயர் விளிம்பைப் பூட்டி நிறுத்தும் மேடு இல்லை. சாதாரண டயரின் விளிம்பும் டியூப் இல்லாமல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. திருப்பத்தில் டயர் கழன்றால் விழுவது நீங்கள். டியூப்புக்குள் சீலன்ட் விட்டு ஓட்டுங்கள், முள் பஞ்சர் பெருமளவு குறையும். அதற்கு வால்வு கோர் கழற்றக்கூடிய டியூப் வேண்டும்.

கேள்வி: சீலன்ட் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: 2 முதல் 6 மாதம். வெயிலும் வறட்சியும் அதிகமானால் சீக்கிரம் காயும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சளக் சளக் என்று கேட்கவில்லை என்றால் 60 மிலி சேர்த்துவிடுங்கள். வால்வு கோர் அடைத்திருந்தால் கழற்றிச் சுரண்டித் துடைக்கலாம், அல்லது புதிதாக மாற்றலாம். 6 மிமீ அளவு கிழிசலைச் சீலன்ட் அடைக்காது. கிழிசலில் செருகி அடைக்கும் சைக்கிள் டயர் பிளக்கும், ஒரு டியூப்பும் எப்போதும் பையில் இருக்கட்டும். டியூப்பைப் போடும் முன் டயருக்குள் கையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சீலன்ட் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று விடாமல் பிடுங்கிவிட வேண்டும்.