கேமரா மாட்டிய பிறகு வரும் புகார்கள்: கேள்வி பதில்

சிங்கப்பூர் வீடுகளில் கண்காணிப்பு கேமரா மாட்டும் தம்பிகள் அனுப்பிய கேள்விகளும், சில வாடிக்கையாளர்களின் கேள்விகளும் இங்கே, கேட்டவரின் வட்டாரப் பெயரோடு. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். வீடுகள் மட்டுமே எனக்குத் தெரிந்த வேலை. அதைப் பற்றி மனதில் உள்ளதை முழுசாகச் சொல்கிறேன்.

செங்காங்: அண்ணே, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் கேமரா போட்டேன். பகலில் படம் அருமை. இரவில் வெள்ளையாகப் புகை மூட்டம் மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் திட்டுகிறார். வேறு கேமரா மாற்றிக் கொடுத்துவிடவா?

மாற்றாதீர்கள். புதுக் கேமராவிலும் அதே புகைதான் வரும். கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பக்கத்தில் உள்ள எதிலோ பட்டுத் திரும்பி லென்சுக்குள் வருகிறது. முதலில் டோம் மூடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். அடுத்தது மூடியில் படிந்த விரல் எண்ணெய், அதற்கடுத்து சிலந்தி வலை. இவை எதுவும் இல்லையென்றால், கேமராவை வெள்ளைச் சுவருக்கோ மேல்தளத்துக்கோ ஒட்டி மாட்டியிருப்பீர்கள். சுவர் படத்தின் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தாலே போதும், கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆள் நிற்கும் இடம் இருண்டுவிடும். கோணத்தைச் சற்றுத் திருப்புங்கள். தாழ்வார விளக்கு இரவு முழுக்க எரியும் புளோக் என்றால் அகச்சிவப்பையே அணைத்துப் பாருங்கள், பல இடங்களில் வண்ணப்படமே கிடைக்கும்.

இதைவிட முக்கியமாக ஒன்று. இரவில் வந்த புகாரை இரவில் போய்த்தான் பார்க்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் போய் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் இரட்டிப்பாகக் கோபப்படுவார், அது நியாயமும்கூட. எட்டு மணிக்குப் போங்கள். அவர் கைபேசியை அவரே பிடித்துப் பார்க்கட்டும், நீங்கள் ஏணியில் நின்று கோணத்தைத் திருப்புங்கள். ‘இது போதும்’ என்று அவர் வாயால் சொன்ன பிறகு திருகாணியை இறுக்குங்கள். வாட்ஸ்அப்பில் நாற்பது செய்தி அனுப்பித் தீராத சண்டை இப்படி அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

தெம்பனீஸ்: தரைவீடு ஒன்றில் 4 மெகாபிக்சல் கேமரா போட்டும், கேட்டில் நிற்பவர் முகம் தெரியவில்லை என்கிறார் வீட்டுக்காரர். காசைத் திருப்பிக் கேட்கிறார். பொருளில் குறையே இல்லை. என்ன செய்ய?

கேட்டுக்கும் கேமராவுக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. 9 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். லென்ஸ் 2.8 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 100 பாகை அகலம் பார்க்கும். 9 மீட்டர் தள்ளி அது 21 மீட்டர் அகலக் காட்சி. 4 மெகாபிக்சல் படத்தின் குறுக்கே 2560 புள்ளிகள். வகுத்தால் ஒரு மீட்டருக்கு 120 புள்ளி கிடைக்கும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐரோப்பியத் தரநிலைப்படி, தெரிந்த ஆளை ‘இவர்தான்’ என்று சொல்லவே மீட்டருக்கு 125 வேண்டும். முன்பின் தெரியாதவரை அடையாளம் காட்ட 250 வேண்டும். ஆக, அந்தக் கேமராவில் அந்தத் தூரத்தில் முகம் வராது. கேமராமீது பிழையில்லை, வாடிக்கையாளர் சொல்வதிலும் பிழையில்லை.

6 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 50 பாகைதான் பார்க்கும். அதே 9 மீட்டரில் மீட்டருக்கு 300 புள்ளியைத் தாண்டிவிடும். கேட்டுக்கென்று தனியாக அப்படி ஒன்றைப் போடுங்கள். பழைய கேமரா முற்றம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

காசு யார் தருவது? விற்கும்போது ‘முகம் தெளிவாத் தெரியும்’ என்று சொல்லியிருந்தால் நீங்கள்தான் தர வேண்டும். அவர் அந்தச் சொல்லுக்குத்தான் காசு கொடுத்தார். அப்படி எதுவும் சொல்லவில்லை என்றாலும், கேமராவை அடக்க விலைக்குக் கொடுத்து, மாட்டுகூலி வாங்காமல் முடித்துவிடுவதே என் யோசனை. அடுத்த வேலையிலிருந்து, மாட்டுவதற்கு முன் ஒருவரைக் கேட்டில் நிறுத்திப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள். ‘இப்படித்தான் தெரியும், சரியா’ என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகு துளை போடுங்கள்.

புக்கிட் பாத்தோக்: வைஃபை கேமரா அடிக்கடி துண்டிக்கிறது. மூன்று முறை போய்விட்டேன்.

ரௌட்டர் எங்கே இருக்கிறது? புதிய வீவக வீடுகள் பலவற்றில் ஃபைபர் இணைய முனை பாம் ஷெல்ட்டர் என்ற வீட்டுக் காப்பறைக்குள் இருக்கும், ரௌட்டரையும் அங்கேயே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். கம்பி போட்ட தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் தாண்டி வாசல் கேமராவுக்கு அலை எங்கே போகும்? ரௌட்டரை வெளியே கொண்டுவாருங்கள், அல்லது வாசல் பக்கம் அலையை நீட்டித் தரும் மெஷ் முனை ஒன்றை வையுங்கள். ஷெல்ட்டர் சுவரில் நினைத்தபடி துளை போடக் கூடாது, விதிமுறை இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள். கேபிள் இழுக்க முடிந்த வீட்டில் வைஃபை கேமராவை விற்கவே வேண்டாம். பிஓஇ கேபிள் ஒன்றிலேயே மின்சாரமும் படமும் வரும், 100 மீட்டர் வரை கவலையில்லை. அசல் செம்புக் கேபிளாக வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான், ஆனால் நீளம் கூடினால் மின்னழுத்தம் இறங்கி இரவில் அகச்சிவப்பு எரியும்போது கேமரா அணைந்து அணைந்து எரியும்.

பிடோக்: இரவில் படம் வெள்ளையாக இருக்கிறது, கேமரா பழுதா?

செங்காங் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். இரவில் போய்ப் பாருங்கள்.

யீஷூன்: எதிர்வீட்டுக் கதவு தெரியும்படி வைக்கச் சொல்கிறார் வாடிக்கையாளர். மறுத்ததற்கு ‘வேலை தெரியாதவன்’ என்கிறார்.

மறுத்தது சரி. 2023 மே முதல் வீவக வீட்டு வாசலில் தாழ்வாரத்தைப் பார்த்து கேமரா வைக்க நகர மன்ற அனுமதி தேவையில்லை. ஆனால் அண்டைவீட்டுக் கதவையோ சன்னலையோ பார்க்கக் கூடாது என்பது அதோடு வந்த நிபந்தனை. இதை அவரிடம் சொல்லிவிட்டு, கேமராவின் அமைப்பில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதியையும் காட்டுங்கள். அண்டைவீட்டோடு ஏற்கெனவே தகராறு என்றால் சமூக சமரச நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். அந்தச் சண்டையில் உங்கள் ஏணி வேண்டாம்.

ஊட்லண்ட்ஸ்: வேலை முடிந்து ஒரு மாதம். ‘திருப்தியில்லை’ என்று சொல்லி மிச்சம் 400 வெள்ளியைத் தர மறுக்கிறார். செயலியில் என் கணக்கு இன்னும் இருக்கிறது. தூரத்திலிருந்தே கேமராவைப் பூட்டிவிடலாமா?

கூடவே கூடாது. ஒப்படைத்த பிறகும் உங்கள் கணக்கு ஏன் இன்னும் அங்கே இருக்கிறது? இன்றைக்கே அவர் முன்னால் அதை நீக்குங்கள்.

ஜூரோங் வெஸ்ட்: மன்னிக்கணும் அண்ணே, இதை ஏற்க முடியாது. முழுக் காசு வரும்வரை பொருள் என்னுடையது என்று என் இன்வாய்சிலேயே எழுதியிருக்கிறேன். என் பொருளை நான் அணைப்பதில் என்ன தப்பு?

காலாங்: நானும் ஜூரோங் வெஸ்ட் கட்சி. பூட்டிய மறுநாளே காசு வந்த அனுபவம் எனக்கு உண்டு.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்வாய்சில் உள்ள வரி, காசு கேட்பதற்கு உங்களுக்கு ஒரு வழியைத் தரலாம். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் உரிமையைத் தராது. கேமராவைப் பூட்டப் போகும் அதே கணக்கில்தான் அவர் வீட்டுக் கூடமும், பிள்ளைகள் விளையாடுவதும் தெரிகிறது. வேலை முடிந்ததும் உங்களுக்குக் கொடுத்த அனுமதியும் முடிந்தது. அதன் பிறகு அனுமதியில்லாமல் நுழைவதும், அமைப்பை மாற்றுவதும், அவர் பயன்படுத்த முடியாமல் தடுப்பதும் கணினி முறைகேட்டுச் சட்டப்படி குற்றங்கள். 400 வெள்ளிப் பிரச்சினையில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தது. பூட்டிய நிமிடத்தில் அதை அவர் பக்கம் தள்ளிவிடுகிறீர்கள். அந்த இரவில் அந்த வீட்டில் திருட்டு நடந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

ஜூரோங் வெஸ்ட்: அப்போ சின்ன கம்பெனிக்காரன் ஏமாந்துகொண்டே இருக்க வேண்டியதுதானா?

இல்லை தம்பி. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, 400 வெள்ளி சின்ன கம்பெனிக்குச் சின்னத் தொகை இல்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, அதனால் இரண்டு பேரும் சமம். வாடிக்கையாளர் மட்டும்தான் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செய்த சேவைக்குக் காசு வராத நிறுவனமும் போகலாம். அதற்கு முன்னால், அவருக்கு எதில் திருப்தியில்லை என்று எழுத்தில் கேளுங்கள். குறைகளை ஒவ்வொன்றாக முடித்துத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்கள்தான் உங்கள் சாட்சி. பெரும்பாலும் அந்தப் பட்டியலை முடிக்கும்போதே காசும் வந்துவிடும்.

காலாங்: பூட்டுவது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் நம்மிடம் இருந்தால் பழுது பார்க்கச் சுலபம்தானே?

உங்களுக்குச் சுலபம், சரி. 2020 அக்டோபரில் இங்குள்ள வீடுகளின் ஐபி கேமராக் காட்சிகள் ஆபாசத் தளங்களில் வெளியானது நினைவிருக்கிறதா? நூறு வீட்டுக் கடவுச்சொல்லை உங்கள் கைபேசியில் வைத்திருந்தால், அந்தக் கைபேசி தொலையும் நாளில் நூறு வீடும் திறந்து கிடக்கும். ஒப்படைக்கும்போது வாடிக்கையாளர் கையாலேயே புதுக் கடவுச்சொல் போட வையுங்கள், போடும்போது நீங்கள் திரும்பி நில்லுங்கள். பழுது வந்தால் தற்காலிக அனுமதி கேளுங்கள், முடிந்ததும் நீக்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் இந்த வாதத்தில் நான் சொல்ல எதுவுமில்லை, அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

சிராங்கூன், வாடிக்கையாளர்: வணக்கம். நான்கே மாதத்தில் ரெக்கார்டர் நின்றுவிட்டது. மாட்டியவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

அம்மா, 2012 செப்டம்பரிலிருந்து குறையுள்ள பொருட்களுக்கான சட்டம் இருக்கிறது. வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும், முடியாவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள், ரசீதை வைத்திருங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். மேலே கடவுச்சொல் பற்றி எழுதியதையும் படித்து, இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பாசிர் ரிஸ்: ஒரு மாதப் பதிவு இருக்கும் என்று சொன்னேன். பத்து நாள்தான் இருக்கிறது என்று சத்தம் போடுகிறார். 4 கேமரா, 2 டிபி வட்டு.

கணக்குப் போடாமல் சொல்லிவிட்டீர்கள். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் பதிகிறது என்றால் நாளுக்கு 43 ஜிபி. நாலுக்கு 173. 2 டிபி பதினோரு நாளில் நிறைந்துவிடும். படத்தை இன்னும் சுருக்கிப் பதியும் எச்.265 முறைக்கு மாற்றிப் பிட் அளவைப் பாதியாக்கினால் 23 நாள் வரும். சொன்ன ஒரு மாதம் வேண்டுமென்றால் 4 டிபி வட்டு, உங்கள் செலவில். கண்காணிப்புக்கென்று விற்கும் வட்டாக வாங்குங்கள்.

அங் மோ கியோ: பணிப்பெண் படுக்கும் இடத்தில் கேமரா கேட்கிறார். மறுத்தால் முழு வேலையையும் ரத்து செய்வாராம்.

ரத்தாகட்டும். அவர் தூங்கும், உடை மாற்றும், குளிக்கும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது மனிதவள அமைச்சின் நிலை. மற்ற இடங்களில் வைத்தாலும் அந்தப் பெண்ணிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இதில் பேரம் பேசாதீர்கள்.

சுவா சூ காங்: இரவில் மங்கலாக...

மூன்றாவது முறை. பிளாஸ்டிக் தாள், எண்ணெய், சிலந்தி, சுவர். இரவில் போங்கள்.

துவாஸ்: தொழிற்சாலைக் கதவுக் கட்டுப்பாடு...

என் துறை இல்லை. அதைச் செய்பவரிடம் கேளுங்கள்.

பொங்கோல்: எச்சரிக்கை ஒலி நாளுக்கு நூறு முறை வருகிறதாம்.

தாழ்வாரத்தில் போகிற வருகிற எல்லோருக்கும் அடிக்கிறது. அசைவு கவனிக்கும் பகுதியை வாசல்படி அளவுக்குச் சுருக்குங்கள், ஆளை மட்டும் அறியும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள்.

குவீன்ஸ்டவுன்: குறையைச் சரிசெய்த பிறகும் இணையத்தில் ஒரே நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். நம்மிடம் இரவு எடுத்த நல்ல படம் இருக்கிறது. அதையே போட்டு ‘பாருங்கள், எவ்வளவு தெளிவு’ என்று பதில் எழுதலாமா?

அது அவர் வீட்டு வாசல், அவர் வீட்டு ஆட்கள். போடாதீர்கள். வீட்டுக்காரர் தன் சொந்தப் பயனுக்கு எடுப்பது வேறு. நீங்கள் நிறுவனம், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களைக் கட்டும். புகார் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி மரியாதையாக எழுதுங்கள். அவர் பெயரையும் புளோக் எண்ணையும் எழுத வேண்டாம். பத்து நாள் கழித்து ஒரு முறை அழைத்து, படம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், நட்சத்திரத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல்.