கடைக்கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது சுவரில் நிரந்தரக் கலைப்படைப்பு வைக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

தோட்டப்புற ஊர் ஒன்றில் குடும்பத்தின் பழைய கடைக்கட்டடத்தைப் புதுப்பிக்கிறீர்கள், ஊருக்கென்று நிலைத்து நிற்கும்படி ஒரு படைப்பை வைக்க ஆசை, கலைஞரை எப்போது கூப்பிடுவது, எவ்வளவு செலவு பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் அப்பாவின் மூலைக்கடையைப் புதுப்பித்தபோது இதே வேலையை முன்னின்று பார்த்தவள் நான். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

குத்தகையாளர் (கட்டட வேலையை எடுத்துச் செய்பவர்) சுவரில் கை வைப்பதற்கு முன்பே கலைஞரைக் கூப்பிட்டுவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பூச்சு வேலை முடிந்து, வெளிப்பூச்சுச் சாயமும் அடித்து, சாரத்தைப் பிரிக்கும் வாரத்தில்தான் ஈப்போவிலிருந்து ஓவியரை வரவழைத்தோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னதே, "இந்தச் சாயத்தை முழுக்கச் சுரண்டணும்" என்பதுதான். மொசைக் சில்லு (படமாகச் சேர்த்து ஒட்டும் சிறு கண்ணாடித் துண்டு) சாயத்தின் மேல் ஒட்டாது, ஒட்டினாலும் சாயத்தோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். சுரண்டியதற்கு ஒரு கூலி, சாரத்தைத் திரும்பக் கட்டியதற்கு இன்னொரு கூலி. அந்தப் பணத்தில் படத்தை இன்னும் ஒரு மீட்டர் அகலப்படுத்தியிருக்கலாம்.

உங்கள் கட்டடம் போருக்கு முந்திய சுண்ணாம்புச் சாந்துச் சுவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் மூச்சுவிடாத சாயத்தை அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டொரு மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக உரியும். புதிய சிமெண்டுப் பூச்சு என்றால் 28 நாளாவது காயவிடுங்கள். சரியாகக் காயாத பூச்சின் காரம் நிறத்தைத் தின்னும், வெள்ளை உப்பும் பூக்கும்.

எதில் செய்வது என்ற கேள்விக்கு, சாயத்தில் வரைவதுதான் மலிவு, விரைவும்கூட. 2012இல் பினாங்கு ஆர்மேனியன் தெருவில் ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளுக்குப் பிறகு எல்லா ஊருக்கும் சுவரோவிய ஆசை வந்தது. நல்லதுதான். ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் சாயம் சில ஆண்டுகளில் மங்கும், மறுபடி வரையத்தான் வேண்டும். எங்கள் சுவர் மேற்கைப் பார்த்தது, மதியம் இரண்டு மணியிலிருந்து அந்தி வரை வெயில் நேராக அடிக்கும். கோலாலம்பூர் போகும்போது தேசிய அரும்பொருளகத்தின் முன்சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓவியர் சியோங் லாய் தோங் வடிவமைத்து, இத்தாலியக் கண்ணாடிச் சில்லுகளால் ஆன இரண்டு நீண்ட சுவர்ப்படங்கள் அங்கே இருக்கின்றன. அரும்பொருளகம் திறந்தது 1963 ஆகஸ்ட் 31. அறுபது ஆண்டைத் தாண்டியும் அந்த நிறங்கள் தெளிவாக நிற்கின்றன. அதைப் பார்த்த பிறகுதான் அப்பா கண்ணாடி மொசைக்குக்குச் சம்மதித்தார்.

மொசைக்கில் எடையையும் பார்க்க வேண்டும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ. எங்கள் படம் 6 மீட்டருக்கு 4 மீட்டர். கண்ணாடி மட்டும் 240 கிலோ, பசையும் இடைச்சாந்தும் சேர்ந்தால் அரை டன் வரை போகும். பூச்சு செங்கல்லைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இரும்பில் சிற்பமாகச் செய்வதென்றால் துத்தநாகம் தோய்த்த இரும்போ துருப்பிடிக்காத எஃகோ கேளுங்கள். சுவருக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு விரலாவது இடைவெளி இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் துரு சுவரில் கோடு கோடாக வழியும்.

என்ன படம் என்பதில்தான் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. பெரியப்பாவுக்குத் தலைவர் ஒருவரின் சிலை வேண்டும். தம்பி பிள்ளைகளுக்கோ, முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சிறகுகள் வேண்டும். நான் மூன்று வாரம் கல்லாவுக்குப் பக்கத்தில் பழுப்புத் தாளை விரித்து, பேனாவைக் கட்டிவைத்தேன். பொருள் வாங்க வந்தவர்கள் எழுதினார்கள்: பெரட்டுக் களம் (விடியலில் பேர் கூப்பிடும் இடம்), ஆயாக்கொட்டகை (வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடம்), காண்டா வாளி (தோளில் கம்பு வைத்துத் தூக்கும் பால் வாளி), சம்பள நாள், தலைவிளக்கு. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது, பார்க்க ஆள் போகிறார்கள். அந்த மரத்தின் வழி வந்த கோடி மரங்களில் பட்டையைக் கீறிப் பால் வெட்டியவர்களுக்கு எங்கள் தெருவில் ஓர் அடையாளம்கூட இல்லை. சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டமெல்லாம் செம்பனையாகிவிட்டது. எங்கள் கடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் மங்கு, அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம், என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் விடியலில் பால் வெட்டும் ஒரு பெண் என்று முடிவானது.

ஓவியர் முதல் வரைவோடு வந்தார். மலாய்க்காரர், நல்ல கை. தலைத்துணி, நீளக்கைச் சட்டை, நெற்றியில் விளக்கு, மரத்தில் மங்கு, எல்லாம் உயிரோடு இருந்தன. கல்லாமேசையில் விரித்து வைத்திருந்தோம். அந்த நேரம் பின்னால் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் பாட்டி பூச்சரம் வாங்க வந்தார். 31 வருஷம் பால் வெட்டியவர். கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். பிறகு படத்திலிருந்த வெட்டுக்கோட்டின் மேல் விரலை வைத்து, "ஏம்மா, இந்தப் புள்ள கைமாத்தி வெட்டுதே" என்றார். ஓவியர் பக்கம் திரும்பி, "சாலா, டிக். மாச்சாம் இனி போத்தோங், சுசு குராங்" என்றார். தப்பு தம்பி, இப்படி வெட்டினால் பால் குறையும் என்று.

ஓவியருக்கு முகம் மாறிவிட்டது. பெண்ணின் முகம் பேருந்து நிலையத்தைப் பார்க்கட்டும் என்று, பழைய புகைப்படத்தைக் கணினியில் இடம் வலமாகத் திருப்பிப் போட்டுத்தான் அவர் வரைந்திருந்தார். பால் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் நேராக இல்லாமல், மேலே போகப் போகச் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலம் இறங்கும் வெட்டுத்தான் அதிக நாளங்களை அறுக்கும். பாட்டிக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. மேசை மேலிருந்த ஸ்கேலைக் கத்தி மாதிரி பிடித்து, தூண் பக்கம் நின்று, முழங்காலை லேசாக மடக்கி, பின்னாலேயே நகர்ந்து வெட்டிக் காட்டினார். ஓவியர் கைப்பேசியில் எடுத்துக்கொண்டார். இரண்டாம் வரைவில் பெண்ணின் முகமும் பேருந்து நிலையத்தின் பக்கம் இருந்தது, வெட்டும் சரியாக இருந்தது. உடம்பை மட்டும் வேறு மாதிரி திருப்பியிருந்தார்.

இதை நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வரைவை வீட்டாரும் கட்டட வரைவாளரும் பார்த்தால் போதாது. அந்த வேலையைச் செய்த கை ஒன்று பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட 50,000 சில்லுகளை ஒட்டிய பிறகு அந்தத் தவறு தெரிந்திருந்தால் ஊரிலுள்ள பழைய ஆட்கள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருப்பார்கள். பாட்டிக்கு ஆலோசகர் என்று எழுதி ஒரு தொகை கொடுத்தோம். உங்கள் கணக்கிலும் அதற்கு ஒரு வரி இருக்கட்டும்.

ஒப்பந்தம் கட்டாயம் எழுத்தில் வேண்டும், குத்தகையாளர் ஒப்பந்தத்துக்குள் நுழைக்காமல் தனியாக. வடிவமைப்புக்குத் தனிக் கட்டணம் கொடுங்கள், இலவசமாக மூன்று பேரிடம் வரைவு கேட்பது நியாயமில்லை. நாங்கள் வரைவுக்கு 10 விழுக்காடு, சில்லு வாங்க 40, சில்லு ஒட்டும் பலகைகளில் பாதி முடிந்ததும் 25, சுவரில் பொருத்தியதும் 20, 12 மாதம் கழித்துக் கடைசி 5 என்று பிரித்தோம். பதிப்புரிமையையும் பேசிவிடுங்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை போய்விடும். பல கலைஞர்களுக்கு இது தெரியாது. நாங்கள் உரிமையை ஓவியரிடமே விட்டு, கடைப்பையிலும் நாட்காட்டியிலும் படத்தைப் போட்டுக்கொள்ளும் அனுமதியை மட்டும் வாங்கினோம். உரிமை யாரிடம் இருந்தாலும், 25ஆம் பிரிவு படைப்பாளியின் பெயரையும் படைப்பு சிதைக்கப்படாமல் இருப்பதையும் காக்கிறது.

நாங்கள் கோட்டைவிட்ட இடம் வாடகை ஒப்பந்தம். படம் ஏறி ஆறாவது மாதம், மேல்மாடி வாடகைக்காரர் குளிர்சாதனம் வைக்க ஆள் கூட்டிவந்தார். அந்த ஆள் குழாய்க்கு வழி தேடி, பெண்ணின் தோளுக்கு மேலே நீல விடியலில் துளை போட்டுவிட்டார். கடையைத் திறக்க வந்த எனக்கு ஐந்தடியில் (கடைமுன் நடைபாதையில்) நீலச் சில்லுகள் சிதறிக் கிடந்ததுதான் முதலில் கண்ணில் பட்டது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நல்லவேளை, ஓவியர் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் மிச்சம் வைத்து இரண்டு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு நாளில் சரிசெய்தார். இப்போது எங்கள் வாடகை ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் அந்தச் சுவரின் படமும் எல்லைக்கோடும் இருக்கின்றன. அதற்குள் துளை, பெயர்ப்பலகை, குழாய், கம்பி எதுவும் கூடாது.

பராமரிப்பு யார் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதாவிட்டால் எவ்வளவு பெரிய படைப்பும் போய்விடும். தேசிய ஓவியர் சைட் அகமட் ஜமாலின் 'புஞ்சாக் பூர்ணாமா' சிற்பம் 1986இல் ஒரு வங்கியின் செலவில் தலைநகரின் நடுவில் எழுந்தது. பழுதடைந்து கிடந்து, 2016இல் இடிக்கப்பட்டது. செய்தியைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நாங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முன்னால், தண்ணீரும் மென்சோப்பும் வைத்துக் கழுவுகிறோம். கழுவ வருபவர் ஆசிட் கொண்டுவந்தால் விடாதீர்கள், இடைச்சாந்தை அரித்துவிடும்.

நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே வரைவைக் காட்டுங்கள். படத்தில் கடைப்பெயரோ சின்னமோ இருந்தால் விளம்பரக் கணக்கில் போய் உரிமம் கேட்பார்கள் என்று எங்களிடம் சொன்னார்கள். அப்பாவுக்குக் கடைப்பெயர் ஓரத்திலாவது வேண்டும் என்று இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். கீழே சிறிய தட்டில் ஓவியர் பெயர், ஆண்டு, மலாயிலும் தமிழிலும் ஒரு வரி, அவ்வளவுதான்.

செலவு: எங்களுக்கு வரைவிலிருந்து பொருத்துவது வரை 62,000 ரிங்கிட், சுரண்டலும் இரண்டாம் சாரமும் சேராமல். ஒன்பது மாதம் பிடித்தது. உங்கள் சுவரின் அளவையும் திசையையும் போட்டால், எது பொருந்தும் என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன். குத்தகையாளர் இன்னும் பூச்சு வேலையைத் தொடங்கவில்லை என்றால், இன்றே அவரிடம் சொல்லி அந்த ஒரு சுவரை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.