ஆர்செப் போதாதா? ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். ஆர்செப் என்ற ஆசிய பசிபிக் நாடுகளின் பெரிய வர்த்தக ஒப்பந்தத்தில் சேர 2023இல் இலங்கை விண்ணப்பித்ததைச் சொன்னேன். “அப்ப செத்துப்போன உலக வர்த்தக அமைப்பை ஏன் சேர் படிக்கவேணும்?” என்று கேட்கிறார்கள். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

வாசகர், உப்புவெளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிள்ளைகள் அப்படி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. 2001இல் தோஹாவில் அந்த அமைப்பு தொடங்கிய வர்த்தகப் பேச்சு முடிவுக்கு வரவில்லை. உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா மறித்ததால், 2019 டிசெம்பரிலிருந்து, நாடுகளின் வர்த்தக வழக்குகளைக் கேட்கும் அதன் மேன்முறையீட்டு அமைப்பில் வழக்குக் கேட்கப் போதிய ஆளில்லை. தோற்ற நாடு மேன்முறையீடு செய்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். மறுபக்கம் ஆர்செப்: 15 நாடுகள், உலக உற்பத்தியில் ஏறத்தாழ 30 வீதம், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அதில் சேரத்தான் வேண்டும். ஆனாலும் நம் ஆடைகளில் பெரும்பகுதி போவது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும். அவர்கள் ஆர்செப்பில் இல்லை. அதோடு, மற்றவர்கள் எழுதி முடித்ததில்தான் நாம் கையொப்பம் வைப்போம்.

பிள்ளைகளைக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துப்போங்கள். பலநாள் கலங்களில் சூரைக்குப் போகிறவர்கள், தம் அரசின் மானியத்தில் எண்ணெய் அடிக்கும் தூரதேசக் கப்பல்களோடு இந்து சமுத்திரத்தில் போட்டிபோட வேண்டியிருக்கிறது. தீர்வையைக் கூட்டாளி நாட்டுக்கு மட்டும் குறைக்கலாம். கப்பலுக்குக் கொடுக்கும் எண்ணெய்க் காசை அப்படிக் குறைக்க வழியில்லை. நிறுத்தினால் எல்லோருக்குமாக நிறுத்தியதுதான். பசிபிக் கரை நாடுகளின் 2018ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மீன்பிடி மானியம் பற்றிய விதிகள் உண்டு, உண்மை. வெளியே நிற்கும் நாட்டின் கப்பலை அவை தொடாது.

உலக வர்த்தக அமைப்பில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்ததால்தான், சட்டவிரோத மீன்பிடிக்கும் ஏற்கெனவே அளவுமீறிப் பிடிக்கப்பட்ட மீனினங்களைப் பிடிப்பதற்கும் மானியம் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 2022 ஜூனில் ஜெனீவாவில் உருவானது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள் ஏற்றபின், 2025 செப்டெம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. எனக்கு அதில் கோபம் உண்டு. மீன்பிடிக் கப்பல்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகக் காரணமான மானியங்களைப் பற்றிய மிச்சப் பாதி இன்னும் இழுபறியில் கிடக்கிறது. நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகளுக்குள் அது முடியாவிட்டால், உறுப்பினர்கள் வேறு முடிவு எடுக்காதவரை, கிடைத்த பாதியும் காலாவதியாகும்.

ஆர்செப் பற்றிக் கொழும்பில் கேட்க வர்த்தக சங்கங்கள் இருக்கின்றன. மீன்பிடி மானியத்தைப் பற்றிக் கேட்கவேண்டியவர்கள் நம் மீனவர் சங்கங்கள். உங்கள் வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த உடன்படிக்கையை அவர்களைக் கொண்டு இரண்டு பக்கத் தமிழில் எழுதுவியுங்கள். வரைவை அனுப்பினால் நான் திருத்தித் தருகிறேன்.