கீ வழுக்குகிறது, லாக் நட் அசையவில்லை: வெல்டு வைக்கலாமா?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன்பு பழைய ஐ20 கார் ஒன்று வாங்கினேன். முந்தைய உரிமையாளர் வெளிக்கடையில் வாங்கிப் போட்ட அலாய் வீல்கள். ஒவ்வொரு வீலிலும் நான்கு நட்டுகளில் ஒன்று மட்டும், வீல் திருடு போகாமலிருக்கப் போடும், பூ மாதிரி வெட்டு வைத்த லாக் நட். முன்பக்க இடது டயரில் காற்று மெதுவாக இறங்குகிறது. பஞ்சர் கடையில் மற்ற மூன்று நட்டுகளும் சுலபமாக வந்துவிட்டன. லாக் நட்டில் அந்த வெட்டுக்குள் பொருந்தும் கீயை வைத்து ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டைத் திருகும் கருவி) அடித்தார்கள். கீ இரண்டு முறை வழுக்கியது, நட் அசையவே இல்லை. "மேலே ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகிவிடலாம்" என்கிறார்கள். செய்யலாமா? (கடலூர் வாசகர்)

பதில்: வெல்டிங் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. அந்தக் கீயை இனி யாரும் ஏர் கன்னில் மாட்ட விடாதீர்கள். இரண்டு முறை வழுக்கியும் கீயில் கொஞ்சமாவது உயிர் மிச்சமிருக்கலாம். இன்னும் நான்கு அடி விழுந்தால் இருக்காது.

சாதாரண வீல் நட்டுக்கு ஆறு பக்கம். உங்கள் காருக்கு 21 மி.மீ. சாக்கெட், நட்டின் உயரம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். லாக் நட்டில் அப்படி இல்லை. முகப்பில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு, அதற்குள் உட்காரும் கீயின் மெல்லிய பல், அவ்வளவுதான் பிடி. ஏர் கன் சீராகத் திருகுவதில்லை, நொடிக்குப் பல முறை சுத்தியல் மாதிரி அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கீ துள்ளி, பல்லின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. லாக் நட் செட்டுகளோடு வரும் துண்டுச்சீட்டில் பெரும்பாலும் "கையால் மட்டும்" என்று போட்டிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை.

உங்கள் நட் இவ்வளவு இறுகியதற்கும் ஏர் கன்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த அளவு கார்களுக்கு வீல் நட் இறுக்கம் மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 90 முதல் 130 நியூட்டன் மீட்டர். சரியான எண் உங்கள் கார் கையேட்டில் இருக்கும். கடைகளில் உள்ள பல ஏர் கன்கள் 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரக்கூடியவை. முன்பு எப்போதோ யாரோ விசையை இரண்டு நொடி கூடுதலாக அழுத்தியிருந்தால் போதும். அதோடு கடலூர் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்று, உங்களுக்கு அவசரம் அவ்வளவு இல்லை. டியூப்லெஸ் டயர் என்றால், ஆணி டயரின் தரைபடும் பகுதியில் இருக்கும்பட்சத்தில், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து வீலைக் கழற்றாமலே ரப்பர் திரி போட்டு அடைக்க முடியும். ஆணி தெரியவில்லையென்றால் சோப்புத் தண்ணீரை டயர் முழுக்க, வால்வு, ரிம் ஓரம் உட்பட ஊற்றிப் பாருங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கே கசிவு. வால்வு ஊசியில் கசிந்தால் ஊசியை மாற்றினால் போதும், அதற்கும் வீலைக் கழற்ற வேண்டியதில்லை. ரிம் ஓரத்திலோ டயரின் பக்கவாட்டிலோ கசிந்தால் கழற்றியாக வேண்டும்.

சரி, இப்போது நட்டுக்கு வருவோம். முதல் வேலை, கழற்றிய மூன்று நட்டுகளையும் திரும்பப் போட்டு முழுசாக இறுக்குவது. கழற்றப் போகிறவரை இறுக்கச் சொல்கிறேனே என்று தோன்றும். மூன்றையும் எடுத்துவிட்ட பிறகு வீலை அழுத்திப் பிடிக்கும் சுமை முழுவதும் அந்த ஒற்றை லாக் நட்டின் மேல் விழுகிறது, வீல் சற்றுச் சாய்ந்து அதைக் கவ்விக்கொள்ளவும் கூடும். மற்ற மூன்றும் இறுகி வீலை அழுத்திப் பிடித்தால், லாக் நட் தாங்கும் இழுவிசை கொஞ்சம் தளரும். நட்டும் வீலும் உரசும் இடத்தில் அந்தக் கொஞ்சமே பல தடவை போதுமானதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எப்போதும் லாக் நட்டை முதலில் தளர்த்தி, மாட்டும்போது கடைசியில் போட வேண்டும். அந்தக் கடையில் வரிசை தலைகீழாகிவிட்டது.

அடுத்து வெட்டைச் சுத்தம் செய்யுங்கள். அலாய் வீலின் குழிக்குள் ஒளிந்திருக்கும் அந்த நட்டில் மண்ணும் பிரேக் தூசியும் சேர்ந்து கெட்டியாகியிருக்கும். அதன் மேல் கீயை வைத்தால் பாதி ஆழத்துக்குத்தான் இறங்கும், பாதி பிடியில் திருகினால் வழுக்கத்தான் செய்யும். கோணி ஊசியால் வெட்டின் ஒவ்வொரு வளைவையும் கிளறி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். கீயின் பல்லையும் அப்படியே. பிறகு கீயை வைத்து ரப்பர் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு. உள்ளே உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறி கெட்டியாகக் கேட்கும்.

துரு நீக்கும் ஸ்ப்ரே பற்றி ஒரு விஷயம். லாக் நட்டுகள் பெரும்பாலும் மூடிய தலை கொண்டவை. வெளியிலிருந்து அடிக்கும் எண்ணெய் மரை வரைக்கும் போகாது. நட்டின் கூம்பு வீலில் உட்காரும் இடம் வரைதான் போகும். ஆனாலும் அடியுங்கள், அந்தக் கூம்புதான் பாதி நேரம் ஒட்டிக்கொண்டிருப்பது. ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் பாருங்கள். வழிந்து பிரேக் டிஸ்க் பக்கம் போகாதபடி கீழே ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். கீயை வைக்கும் முன் வெட்டுக்குள் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

திருகும்போது வண்டி தரையில்தான் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்துப் பலம் போடுவது உயிரோடு விளையாடுவது. ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் டயருக்கு முன்னும் பின்னும் கல். காரோடு வரும் எல் வடிவ ஸ்பேனரில் காலை வைத்து ஏறி நிற்காதீர்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கீயைக் கோணலாக இழுக்கும், கீ வழுக்குவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கோணல்தான். சாக்கெட்டும், அதைத் திருக இரண்டடி நீளக் கைப்பிடிக் கம்பியான பிரேக்கர் பாரும் வேண்டும். ஒருவர் சாக்கெட்டின் தலையை உள்ளங்கையால் வீலை நோக்கி நேராக அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் பாரின் நுனியைப் பிடித்து, இடஞ்சுழியாக, வெட்டி இழுக்காமல் மெதுவாகப் பலம் கூட்டட்டும். இரண்டடி பாரின் நுனியில் 30 கிலோ அழுத்தம் போட்டாலே 175 நியூட்டன் மீட்டருக்கு மேல் வரும். கொஞ்சம் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்தினாலும் துருவின் பிடி விடும். "டக்" என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். நட் விட்ட சத்தமாகவும் இருக்கலாம், கீ உடைந்த சத்தமாகவும் இருக்கலாம்.

கீ மறுபடி வழுக்கினால் அதோடு சரி. அந்தக் கீயை வைத்து மேற்கொண்டு முயல வேண்டாம், மற்ற மூன்று வீல்களுக்கு அது வேண்டும்.

புதுக் கீ கிடைக்குமா? நல்ல பிராண்டு லாக் நட் என்றால் செட்டோடு எண் போட்ட சிறு அட்டை வந்திருக்கும், அல்லது கீயிலேயே எண் பொறித்திருக்கும். பழைய உரிமையாளரிடம் அட்டை இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். எண் இல்லாத மலிவு செட்டாக இருந்தால், அலாய் வாங்கிய கடையில் அதே பூ வெட்டில் வேறு செட் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. அவற்றில் நட்டுக்குப் பதிலாக போல்ட் வரும், கம்பெனியே போட்ட லாக் போல்ட் என்றால் சர்வீஸ் சென்டரில் எல்லா வெட்டுக்குமான கீ வைத்திருப்பார்கள்.

கீ வழி அடைபட்டால் அடுத்தது சாக்கெட்டை அடித்து ஏற்றுவது. நட்டின் வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்து, அதைவிட ஒரு நூல் சிறிய பன்னிரண்டு முனை சாக்கெட்டை எடுங்கள். ஆறு முனையைவிடப் பன்னிரண்டு முனைக்கு உருண்டையான நட்டில் கடிக்க அதிக இடம் கிடைக்கும். அலாயின் குழி குறுகலாக இருந்தால் சுவர் மெலிந்த சாக்கெட் வேண்டும். பழையதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்குப் பிறகு அது வேறு எதற்கும் ஆகாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சாக்கெட்டை நேராகப் பிடித்துச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். பதப்படுத்திய எஃகிலிருந்து சில்லு தெறிக்கும். பெரிய சம்மட்டியால் ஓங்கி அடித்தால் வீல் பேரிங் கெடலாம், அரைக்கிலோ ஒரு கிலோ சுத்தியல் போதும். ஏறியதும் பிரேக்கர் பாரால் முன்பு சொன்ன அதே மெதுவான இழுப்பு. நட் சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கி வெளியே வரும். அதை வைஸில் பிடித்து, பின்பக்கச் சதுர ஓட்டை வழியாகப் பஞ்ச் வைத்துத் தட்டினால் கழன்றுவிடும்.

இது ஒரு வகை நட்டில் மட்டும் பலிக்காது. சில லாக் நட்டுகளைச் சுற்றி ஒரு வளையம் தனியாகச் சுற்றும். சாக்கெட் அந்த வளையத்தைக் கடிக்கும், வளையம் சும்மா சுற்றும், உள்ளே நட் அப்படியே இருக்கும். சாக்கெட்டை ஏற்றும் முன் விரலாலோ ஸ்க்ரூ டிரைவராலோ வெளி ஓரம் தனியாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் அந்த வளையத்தை முதலில் பிளந்து எடுக்க வேண்டும், அது கைதேர்ந்தவர் வேலை. உள்பக்கம் எதிர்த்திசையில் முறுக்கிய பல் வைத்த எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. திருகத் திருக நட்டை இன்னும் இறுக்கிக் கடிக்கும். சாக்கெட் அடித்தும் வழுக்குகிற இடத்தில் அதுதான் என் முதல் தேர்வு. டிரில் போடுவது கடைசி வழி. லாக் நட்டின் எஃகில் சாதாரண பிட் பளபளவென்று தேய்க்குமே தவிர இறங்காது, கோபால்ட் அல்லது கார்பைடு பிட்டும் நிதானமான கையும் வேண்டும்.

வெல்டிங்குக்கு வருகிறேன். நட்டின் சூடு வீலுக்குப் போகும், வீலின் சூடு டயருக்குப் போகும். அடைத்து வைத்த காற்றோடு டயரின் உள் ரப்பர் சூடேறினால் அது சிதைந்து எரியும் வாயுக்களை விடும். அது உள்ளேயே பற்றினால் டயர் வெடிக்கும். வெல்டு வைத்த அந்த நொடியில்தான் என்றில்லை, வேலை முடிந்து சற்று நேரம் கழித்தும் வெடிக்கலாம். பக்கத்தில் குனிந்திருப்பவர் பிழைப்பது கடினம். பஞ்சர்தானே, காற்று இறங்கித்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், மெதுவாக இறங்கும் டயரில் காற்று இருக்கவே செய்கிறது. அது போக, வெல்டிங்கின் எர்த் கிளிப்பை வண்டியில் வேறெங்கோ மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளைப் பொரித்துவிடும். நட் ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் சூடாகிப் பதம் இழக்கும். அலாயின் பெயின்ட் கருகுவது இதிலெல்லாம் சின்ன இழப்பு. கேஸ் டார்ச்சால் சூடாக்குகிறேன் என்றாலும் இதே பதில்தான்.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் உடைந்து வந்தால் கலங்க வேண்டாம். ஸ்டட் ஹப்பில் அழுத்தி ஏற்றிய தனி உறுப்பு, மாற்றக்கூடியது. மாற்றாமல் மூன்று நட்டோடு வண்டியை ஓட்ட மட்டும் கூடாது. பலம் போட்டுக் கழற்றிய ஸ்டட்டின் மரையையும் பாருங்கள். புது நட் விரலால் சுலபமாக ஏறவில்லையென்றால் அந்த ஸ்டட்டையும் மாற்றுங்கள்.

லாக் நட் போன இடத்தில் சாதாரண நட் வாங்கும்போது மரை அளவு 12 மி.மீ., 1.5 பிட்ச் (மரைகளின் இடைவெளி). அதோடு உட்காரும் முகமும் பொருந்த வேண்டும். வெளிக்கடை அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு, சில வீல்களில் உருண்டை, சிலவற்றில் வாஷரோடு தட்டை. மரை சேர்ந்து முகம் சேராத நட், இறுக்கியபோது சரியாகத் தோன்றி, ஓட்ட ஓட்டத் தளரும். வெளியே எடுத்த மற்ற மூன்றில் ஒன்றைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். தடவினால் அதே டார்க் (திருகும் விசை) அளவில் நட் இன்னும் அதிகமாக இறுகும். டார்க் ரெஞ்ச்சால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கச் சொல்லுங்கள், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை சரிபாருங்கள்.

மற்ற மூன்று வீல்களின் லாக் நட்டுகளையும் இதே வாரத்தில், வீட்டு வாசலில், அவசரமில்லாதபோது கழற்றிப் பாருங்கள். ராத்திரி கார் பூட்டிய கேட்டுக்குள் நிற்பதென்றால் நான்கையும் எடுத்துவிட்டுச் சாதாரண நட் போட்டுவிடுவதே என் யோசனை. தெருவில் நிறுத்துகிறீர்கள், அலாய் போய்விடும் என்ற பயம் இருக்கிறது என்றால் எண் பொறித்த நல்ல செட் ஒன்று வாங்குங்கள். எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கீயை ஸ்டெப்னிக்கு அடியில் ஜாக்கியோடு ஒரு சிவப்புத் துணியில் கட்டி வையுங்கள். பஞ்சர் கடையிலிருந்து கிளம்பும் முன் அந்தத் துணிக்குள் கீ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கீ தொலைந்ததாக என்னிடம் வந்தவர்களில் பலருக்கு அது கடைக்காரரின் சாக்கெட்டுக்குள்ளேயேதான் தங்கியிருந்தது.