கேளுங்கள், சொல்கிறோம்: தோல் மாதிரி உரியும் பாசி

கேள்வி: எங்கள் உப்பளத்தில் கடல் நீரைத் தேக்கும் பாத்திகளின் தரை முழுக்கப் பாசி பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. தூக்கினால் தோல் போல உரிகிறது, மத்தியானமானால் துண்டு துண்டாக மிதக்கிறது. இது என்ன செடி? சுரண்டி எறிந்துவிடலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: இது செடியே இல்லை. நீலப்பச்சைப் பாசி, பெயரில்தான் பாசி, ஆள் பாக்டீரியா. செல்லுக்குள் உட்கருகூடக் கிடையாது. ஆனால் பச்சையம் இருப்பதால் செடி மாதிரியே வெயிலில் சமைத்துச் சாப்பிட்டு ஆக்சிஜனை வெளியே விடும். மிதப்பதும் அதனால்தான், வெயில் ஏற ஏற ஆக்சிஜன் குமிழிகள் பிசினில் சிக்கிக்கொண்டு பாயையே மேலே தூக்கிவிடுகின்றன. அடுத்த முறை ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், கொப்புளம் கொப்புளமாக இருக்கும்.

தோல் மாதிரி வருவது எப்படி? மயிரிழையை விட மெல்லிய இழைகள், ஒவ்வொன்றும் பிசின் கசிய விட்டு, அதில் மண்ணையும் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உப்பளங்களில் அதிகம் காணும் மைக்ரோகோலியஸ் வகையில் பல இழைகள் ஒரே உறைக்குள் கயிற்றுப் புரி மாதிரி கிடக்கும். இந்த இழைகள் நகரவும் செய்யும்! ஒரு சிறு துண்டைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தால், சில மணி நேரத்தில் ஓரத்திலிருந்து இழைகள் சுற்றிலும் ஊர்ந்து பரவியிருப்பது தெரியும். மேலே வண்டல் படிந்து வெளிச்சம் மறைந்தால் அதைத் துளைத்துக்கொண்டு ஏறி வந்து புதுப் பாய் பின்னும், பழையது அடியில் அடுக்காகத் தங்கிவிடும். கத்தியால் வெட்டிப் பார்த்தால் மேலே பச்சை, அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக்களின் ஊதா, அதற்கும் கீழே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு. எல்லாம் ஒரு விரல் கனத்துக்குள்.

சுரண்ட வேண்டாம் என்பேன். தரையில் நீர் இறங்காமல் அடைத்துக் கொடுப்பதே அதுதான். ஸ்லோவேனியாவில் செச்சோவ்லியே என்ற இடத்து உப்பளத்தில் இதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள், பெத்தோலா என்று பெயர் வைத்து. உப்பு அதன் மேல் விளைவதால் சேறு ஒட்டுவதில்லை. உரம், கழிவுநீர் ஏதாவது கலந்து பாசி மிதமிஞ்சிப் போனால் மட்டும் தொல்லை. நீரே கொழகொழவென்று ஆகி உப்புக்கல் பொடிசாகிவிடும். அப்படி ஆனால் பாசியோடு மல்லுக்கட்டாதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

கேள்வி: ஆற்றோரம் ஒதுங்கிய கறுப்புப் பாசியை எங்கள் நாய் முகர்ந்து முகர்ந்து தின்னப் பார்க்கிறது. ஆபத்தா? (ஈரோடு வாசகி)

பதில்: ஆமாம், விடாதீர்கள். எல்லாப் பாசிப் பாயும் விஷம் இல்லை, ஆனால் சில வகைகளில் அனடாக்சின் என்ற நரம்பு விஷம் உண்டு. நியூசிலாந்து ஆறுகளில் இப்படி ஒதுங்கியதைத் தின்று நாய்கள் செத்திருக்கின்றன. அந்த மண்வாசனைதான் நாயை இழுக்கிறது. எது விஷம், எது இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே தின்றுவிட்டு நடுங்கினாலோ தள்ளாடினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: மாடியில் கோடையில் கறுப்புப் பொருக்காகக் கிடப்பது, முதல் மழையில் பச்சையாகி வழுக்குகிறதே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பெரும்பாலும் அதே குடும்பம்தான். உறையில் ஒரு பழுப்பு நிறமி, வெயிலின் புற ஊதாக் கதிருக்குக் குடை மாதிரி. காய்ந்தால் சாகாது, தூங்கும்; தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்ளும். சரி, தேய்ப்பதென்றால் மழைக்கு முன்பே, காய்ந்திருக்கும்போதே தேய்த்து அள்ளிவிடுங்கள். நனைந்த பிறகு துடைப்பத்தோடு ஏறினால் மாடி சுத்தமாகுமோ என்னவோ, உங்கள் இடுப்பு போய்விடும்.